ஒரு மாற்றத்தை வருடக்கணக்கில் கொண்டுபோவது எப்படி? படிப்படியான வழிகாட்டி

எங்கள் தெருவில் ஏழெட்டுப் பேர் மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை ஒரு மொட்டைமாடியில் கூடுவோம். கடனை அடைப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, பாதியில் விட்ட டிகிரியை முடிப்பது என்று ஆளுக்கு ஒன்று. ஆறு வருடமாக நடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எங்கே வழுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று பிடிபட்டது. யாருக்கும் உறுதி குறைச்சல் இல்லை, வரிசைதான் தப்பு. இலக்கை முதலில் எழுதிவிடுகிறார்கள். அது தன் வீட்டுக்குள் நுழையுமா என்று அப்புறம்தான் பார்க்கிறார்கள். கட்டிலை வாங்கி வந்த பிறகு வாசலை அளக்கிற கதை.

வழி நெடுக இரண்டு உதாரணங்களைச் சொல்கிறேன். ஒன்று என் சர்க்கரை. இன்னொன்று, குழுவுக்கு வந்த ஒரு நண்பரின் நகைக்கடன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். தொகைகளை மட்டும் முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு 80 பக்க கோடு போட்ட நோட்டு. ஒரு பேனா, நோட்டோடு நூல் கட்டித் தொங்கவிட்டால் நல்லது. இது விளையாட்டில்லை, பேனா தேடப் போன இடத்தில்தான் பாதிப் பேருடைய பதிவு நின்றுபோகிறது. பண்டிகையும் முகூர்த்தமும் போட்ட மாதக் காலண்டர் ஒன்று.

அப்புறம், இன்றைய நிலையைச் சொல்லும் ஒரு தாள். உடம்பு என்றால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், கடன் என்றால் அடகு ரசீது, படிப்பு என்றால் அரியர் எத்தனை என்று காட்டும் மதிப்பெண் பட்டியல். உத்தேசமாகத் தெரியும் என்பது போதாது. நண்பர் தன் கடனை “ஒரு லட்சம் சொச்சம்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ரசீதைப் பிரித்தால் 1,20,000.

போன் செயலி வேண்டாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேண்டாம். எழுதத்தான் போனை எடுப்போம். அரை மணி கழித்து யாரோ மீன் குழம்பு வைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

## 1. பதினான்கு நாள் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

வந்தவர்களில் பாதிப் பேர் தாண்டிக் குதித்துப் போகும் படி இதுதான். இதைத் தாண்டினால் பிறகு வரும் எல்லாமே ஊகம்.

பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள்: நேரம், என்ன செய்தேன், எவ்வளவு செலவு. சர்க்கரை மாதிரி உடம்பு சம்பந்தப்பட்டது என்றால் நான்காவதாக, என்ன சாப்பிட்டேன். ஒரு நாளைக்கு நான்கு தடவை, இரண்டு நிமிடம் எழுதினால் போதும். ராத்திரி மொத்தமாக உட்கார்ந்து எழுதலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். மதியம் குடித்த டீ ராத்திரி நினைவுக்கு வராது.

என் நோட்டின் ஒரு நாள் இப்படி இருந்தது: “6.10 முழிப்பு. 6.50 வரை கட்டிலில் போன். 7.00 டீ. 10.45 ஆபீஸ் டீ, ஒரு மசால் வடை. 3.30 டீ. 6.15 ஸ்டேஷன் வாசலில் டீ.” அதுவரைக்கும் நான் இனிப்பே தொடாதவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். நான்கு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன். எட்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு 4 கிராம் வைத்தாலும் ஒரு நாளைக்கு 32 கிராம். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சர்க்கரை, டீயில் மட்டும். இந்தக் கணக்கு தெரியாமல் இலக்கு எழுதியிருந்தால் “இனிப்பைக் குறைக்க வேண்டும்” என்று எழுதி, ஏற்கனவே சாப்பிடாத லட்டை நிறுத்தியிருப்பேன்.

பதினான்கு நாள் ஏன்? ஒரு வாரம் மட்டும் எழுதினால் அந்த வாரத்தில் ஒரு கல்யாணமோ காய்ச்சலோ வந்து கணக்கைக் கெடுத்துவிடும். இரண்டு வாரம் எழுதினால் இரண்டு ஞாயிறுகள் வரும். ஞாயிற்றுக்கிழமை நாம் வேறு ஆள்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, எழுதத் தொடங்கிய அன்றே நல்ல பிள்ளையாகிவிடுவது. நோட்டு பார்க்கிறதே என்று வடையை விட்டுவிடுவார்கள். வடையைச் சாப்பிடுங்கள், எழுதுங்கள். பொய்யான இரண்டு வாரத்தை வைத்துப் போட்ட திட்டம் மூன்றாவது வாரம் நிற்காது.

## 2. இது யாருடைய ஆசை என்று கேளுங்கள்

சின்னப் படி, ஐந்து நிமிட வேலை. “இதை முடித்தேன் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை என்றாலும் செய்வேனா?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பெண் அரசு வேலைத் தேர்வு என்று எழுதிக்கொண்டு வந்தார். இந்தக் கேள்விக்குக் கொஞ்ச நேரம் பேசவில்லை. “எங்க சின்ன மாமா கேக்குறதை நிறுத்தணும்ணா” என்றார். அது மாமாவுடைய இலக்கு. இப்போது தையல் கடை வைத்திருக்கிறார். மாமா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

## 3. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ‘அப்புறம்’ பக்கத்துக்கு மாற்றுங்கள்

பதினான்கு நாள் எழுதி முடித்ததும் மாற்ற வேண்டியவை வரிசை கட்டி நிற்கும். எல்லாவற்றையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, மேலே ‘அப்புறம்’ என்று தலைப்புப் போடுங்கள். அதிலிருந்து ஒன்றே ஒன்றை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

எதை எடுப்பது? எது சரியானால் மற்ற இரண்டு மூன்று தானாகவே லேசாகுமோ அதை. நண்பரின் பட்டியலில் நகைக்கடன், தூக்கம், ஆங்கிலம், தொப்பை எல்லாம் இருந்தன. தூக்கம் கெட்டதே கடனால்தான். அதனால் கடன் முன்னால் வந்தது.

மூன்றை ஒன்றாகத் தொடங்கினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: ஒன்று தவறினால் மூன்றும் சேர்ந்து போகும். காலையில் நடக்கவில்லை என்ற எரிச்சலில் மதியம் பிரியாணி, பிரியாணி சாப்பிட்ட மயக்கத்தில் சாயங்காலப் படிப்பு போச்சு. கண்ணால் பார்த்தது. மற்ற ஆசைகள் தொலைந்துவிடாது, கடைசிப் பக்கத்தில் பத்திரமாக இருக்கும். அப்படி எழுதி வைத்தாலே மனம் அவற்றைச் சும்மா சும்மா எடுத்து நீட்டாது.

## 4. இலக்கை இரண்டு வரியில் எழுதுங்கள்

முதல் வரி, எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற எண். இரண்டாவது வரி, அதற்காக என் கையால் செய்யப்போகும் வேலை. முதல் வரி உங்கள் கட்டுப்பாட்டில் முழுதாக இருக்காது; இரண்டாவது வரி இருக்கும். தினமும் டிக் போட வேண்டியது இரண்டாவதற்குத்தான்.

என்னுடையது (ஹெச்பிஏ1சி என்பது ரத்தச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் பரிசோதனை): “ஹெச்பிஏ1சி 8.2-லிருந்து 7-க்குக் கீழே. டீயில் சர்க்கரை இல்லை, தினமும் சாப்பாட்டுக்குப் பின் நடை.” சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றில் இலக்கு எண்ணை மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருக்கும்போது சாப்பாட்டைச் சடாரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். எங்கள் குழுவில் ஒருவர் அப்படிப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நண்பரின் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் செய்யும் தவறு அதில் இருக்கிறது. அவர் வந்தபோது எழுதிவந்தது: “ஒரு வருடத்தில் நகையை மீட்க வேண்டும்.” ஒரு வருடம் எங்கிருந்து வந்தது என்றால், சும்மா வந்தது. காது கொடுத்துக் கேட்டால் நம் இலக்குகளில் முக்கால்வாசி ‘ஒரு வருடம்’ இப்படித்தான் வருகிறது.

1,20,000 அசல், ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது மாத வட்டி 1,200. ஒரு வருடத்துக்குள் அடைக்க மாதம் 10,000 கட்டினாலும் போதாது, 13-வது மாதமும் கொஞ்சம் கட்ட வேண்டியிருக்கும். பதினான்கு நாள் நோட்டைப் பார்த்தால் அவரால் எடுத்து வைக்க முடிந்தது மாதம் 5,000. அந்தத் தொகைக்கு 28 மாதம் ஆகும். முகம் வாடிவிட்டது. “ரெண்டு வருஷத்துக்கு மேலயா?” அதுவரை நாலு வருடமாக வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொண்டிருந்தவர் அவர். நாலு வருடத்தில் அசல் ஒரு ரூபாய் குறையவில்லை.

ஆக, தேதியை முதலில் வைத்து வேலையைப் பிரிக்காதீர்கள். உங்களால் முடிகிற வேலையை முதலில் வையுங்கள்; தேதி அதுவாக வரும். அவர் நோட்டில் கடைசியில் இருந்தது: “அசல் 0. சம்பளம் வந்த அன்றே 5,000 கட்டுவது.” கடன் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு: இடையில் பகுதி அசல் கட்டலாமா என்று கடன் வாங்கிய இடத்தில் முன்பே கேளுங்கள், கட்டிய பிறகு ரசீதில் அசல் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டும் பணம் முதலில் வட்டிக்குத்தான் போகும்.

## 5. மோசமான நாளுக்கு ஓர் அளவு வையுங்கள்

தொடங்கும் ஆர்வத்தில் எல்லாரும் நல்ல நாளுக்குத் திட்டம் போடுகிறார்கள். காலை ஐந்து மணி, ஒரு மணி நேர நடை. நல்ல நாளில் எல்லாமே நடக்கும். திட்டம் வேண்டியது, மின்சாரம் போய் ராத்திரி தூங்காத நாளுக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளுக்கு.

அதனால் இரண்டு அளவு எழுதுங்கள். வழக்கமான நாளில் எனக்கு 40 நிமிட நடை. மோசமான நாளில் மொட்டைமாடியில் 10 நிமிடம். பத்து நிமிடத்தால் சர்க்கரை பெரிதாக இறங்காது என்று தெரியும். அது உடம்புக்கு இல்லை, தொடர்ச்சிக்கு. பத்து நிமிடம் நடந்த நாளை ‘நடந்த நாள்’ என்றுதான் மனம் பதிந்துகொள்கிறது. நண்பருக்கு மோசமான மாதத்தின் அளவு 2,000. வட்டி 1,200 போக அசலில் 800-ஆவது குறையும். 1,200-க்குக் கீழே போனால் அசல் அசையாது என்பதால் அங்கே ஒரு கோடு.

இந்த வேலையை ஏற்கனவே தவறாமல் நடக்கும் ஒன்றின் பின்னால் கட்டிவிடுங்கள். “நேரம் கிடைக்கும்போது நடப்பேன்” என்றால் நேரம் கிடைக்காது. “ராத்திரி சாப்பிட்டு தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பு” என்று எழுதினேன். நண்பருக்கு, சம்பளம் வந்ததாகக் குறுஞ்செய்தி வந்ததும் அடுத்த டீக்கு முன்னால் பணம் மாற்றுவது.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, 22-ம் நாள் “எனக்கு இன்னும் கஷ்டமாவே இருக்கே” என்று வருகிறவர்கள் நிறைய. லண்டனில் யூனிவர்சிட்டி காலேஜில் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கத் தொடங்க சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது. மூன்றாவது மாதத்திலும் செருப்பைத் தேடுவது சுமையாக இருந்தால் உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை.

## 6. முழு வருடத்தையும் முன்கூட்டியே பாருங்கள்

காலண்டரைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு, திட்டம் எங்கே அடிபடும் என்று வட்டம் போடுங்கள். இதை வீட்டில் இன்னொருவரோடு உட்கார்ந்து செய்தால்தான் சரியாக வரும். வீட்டின் விசேஷம் முழுதும் ஒருவர் தலையில் இருப்பதில்லை.

பணம் சம்பந்தப்பட்ட இலக்கு என்றால் தை, வைகாசி, ஆவணி. முகூர்த்த மாதங்கள், மொய். நண்பர் போன வருட ஆவணியை நினைவுபடுத்திக் கணக்குப் போட்டார்: ஐந்து கல்யாணம், ஒரு காது குத்து. மொய், போக்குவரத்து, மனைவிக்கு ஒரு புடவை எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்தைத் தொட்டது. அந்த மாதத்தில் 5,000 கட்டுவேன் என்பது வெறும் பேச்சு. மொய்யை நிறுத்தவும் முடியாது. மொய் நோட்டில் நம் பேரும் இருக்கிறது, அவர்கள் வைத்ததும் இருக்கிறது. செய்யக்கூடியது, ஆடியிலேயே தனியாக எடுத்து வைப்பது. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆடித் தள்ளுபடி இருக்கிறதே என்றால், அதற்கு என்னிடம் மருந்து இல்லை, கடைவீதிப் பக்கம் போகாதீர்கள். ஜூனில் பள்ளிக் கட்டணம், ஐப்பசியில் தீபாவளி, இவையும் வட்டத்துக்குள் வர வேண்டும்.

நடை, உடற்பயிற்சி என்றால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தெருவில் தண்ணீர் நிற்கும். மழைக்கால இடம் எது என்று செப்டம்பரிலேயே முடிவு செய்யுங்கள். ஏப்ரல், மே வெயிலில் எட்டு மணிக்கு மேல் வெளியே போக முடியாது, நேரத்தை மாற்ற வேண்டும். வீட்டில் பிளஸ் டூ பிள்ளை இருந்தால் மார்ச் உங்களுடையது கிடையாது.

வட்டம் போட்ட மாதங்களுக்கெல்லாம் ஐந்தாம் படியில் எழுதிய மோசமான நாளின் அளவு. முன்பே தெரிந்து குறைத்துக்கொண்டால் அது திட்டம். அன்றைக்குப் போய்க் குறைந்தால் தோற்றுவிட்ட மாதிரி இருக்கும். தொகை ஒன்றுதான்.

தொடங்கும் நாள்? ஜனவரி 1 வேண்டாம் என்பேன். அடுத்த இரண்டு வாரத்தில் பொங்கல் வந்துவிடும், ஊருக்குப் போய்த் திரும்பும்போது நோட்டு அங்கேயே இருக்கும். விசேஷம் எதுவும் இல்லாத ஏதாவது ஒரு புதன்கிழமை போதும்.

## 7. வீட்டில் சொல்லுங்கள், ஊரில் சொல்லாதீர்கள்

நான் நடக்கப் போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி கேட்டது: “அப்ப தோசை மாவு யாரு அரைச்சு வைக்கிறது?” நியாயமான கேள்வி. ராத்திரி சாப்பிட்டதும் கிரைண்டர் என் வேலை. அதை ஏழு மணிக்கு மாற்றிக்கொண்ட பிறகுதான் நடை நிலைத்தது. நம் மாற்றம் வீட்டில் யாருடைய வேலையைக் கூட்டுகிறது என்று கேட்காமல் தொடங்கியவர்கள் இரண்டு மாதத்தில் சண்டையோடு நிறுத்தியிருக்கிறார்கள்.

வெளியில் ஸ்டேட்டஸ் போடுவதில் லாபம் இல்லை. சொன்னவுடன் கிடைக்கும் பாராட்டே பாதிப் பசியைத் தீர்த்துவிடும். மாதம் ஒரு முறை “நோட்டைக் காட்டு” என்று கேட்கக்கூடிய ஒரே ஒரு ஆள் போதும். திட்டாத ஆளாக இருக்கட்டும். திட்டுகிற ஆளிடம் நாம் பொய் சொல்வோம்.

## 8. மாதம் ஒருமுறை இருபது நிமிடம் கணக்குப் பாருங்கள்

டிக் எத்தனை, வெற்று நாள் எத்தனை, வெற்று நாட்களில் என்ன நடந்தது. இவ்வளவுதான் பார்க்க வேண்டியது. மூன்றாவதில்தான் விஷயம் இருக்கும். என் வெற்று நாட்களில் பாதி செவ்வாய்க்கிழமையாக வந்தது. செவ்வாய் ஆபீஸில் வாராந்திரக் கூட்டம், வீடு வர ஒன்பதரை. செவ்வாயன்று மதியச் சாப்பாட்டுக்குப் பின் நடை என்று மாற்றியதோடு சரியாகிவிட்டது.

முதல் வரியின் எண்ணை அடிக்கடி பார்க்காதீர்கள். ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரியைக் காட்டுவது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருப்பதால் அப்படி. மூன்றாவது வாரமே பரிசோதனைக்குப் போய் “ஒன்றும் மாறவில்லை” என்று சோர்ந்து போவதற்கு 500 ரூபாய் செலவழிக்க வேண்டாம். எனக்கு மூன்று மாதத்தில் 7.6 வந்தது, ஆறாவது மாதத்தில் 7.1. எடையும் அப்படித்தான், தண்ணீர் உப்பு கணக்கில் தினமும் ஏறி இறங்கும். வாரம் ஒருமுறை, அதே நேரம், போதும்.

திட்டத்தை மாற்ற வேண்டுமானால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், அதுவும் இரண்டாவது வரியை மட்டும். நடுவில் மாற்றத் தோன்றினால் நோட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். பாதி யோசனை மூன்றாவது மாதம் அசட்டுத்தனமாகத் தெரியும்.

## 9. விட்டுப்போனால் திரும்புவதற்கு வழி எழுதி வையுங்கள்

விட்டுப்போகும். முதல் வருடம் டிசம்பரில் நான்கு நாள் மழை, அப்புறம் சளி, அப்புறம் ஊரிலிருந்து விருந்தாளிகள். மூன்று வாரம் நடக்கவில்லை. நோட்டை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். பார்க்கக் கூச்சமாக இருந்தது. கடைசி ஞாயிறு கூட்டத்துக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன். யாரும் நம்பவில்லை.

அதற்கப்புறம் நோட்டின் முதல் அட்டையின் உள்பக்கம் இதை எழுதி ஒட்டினேன்:

“விட்ட நாட்களுக்கு வட்டம் போடு, காரணம் எழுதாதே. இன்றைக்கு மோசமான நாள் அளவு மட்டும். மூன்று நாள் அப்படியே. நான்காம் நாள் பழைய அளவு.”

காரணம் எழுதக் கூடாது என்றது ஏனென்றால், எழுத உட்கார்ந்தால் வழக்கு நடத்த ஆரம்பித்துவிடுவோம். காரணத்தை மாதக் கணக்குப் பார்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம். விட்டதைச் சேர்த்துப் பிடிக்கவும் கூடாது. ஒருவர் பத்து நாள் விட்டதற்குப் பிராயச்சித்தமாக ஒரே நாளில் இரண்டரை மணி நேரம் நடந்தார். குதிகால் வலியில் ஒரு மாதம் படுத்தார். பணத்திலும் அப்படித்தான். நண்பர் ஓர் ஆவணியில் கட்டாததைப் புரட்டாசியில் சேர்த்துக் கட்டப்போய், மாதக் கடைசியில் கைமாற்று வாங்கினார். ஒரு மாதம் போனால் போகட்டும், 28 மாதம் 29 ஆகும்.

அவருக்கு 31 மாதம் ஆனது. மீட்டு வந்த நகையைக் கூட்டத்துக்கு எடுத்து வரவில்லை, ரசீதை மட்டும் கொண்டுவந்து காட்டினார். அன்றைக்கே கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம். ‘தூக்கம்’ என்று எழுதியிருந்ததை அவரே அடித்தார், அது எப்போதோ சரியாகியிருந்தது. ‘ஆங்கிலம்’ இப்போது எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. தொப்பைதான் மிச்சம். புது நோட்டு வாங்கி, மறுநாளிலிருந்து பதினான்கு நாள் எழுதத் தொடங்கினார்.